கதவுக்கு அப்பால் வைத்த இலை

பிறைமுடி சூடிய பெருமான் போற்றி
இறைவியை இடப்பால் இருத்தினாய் போற்றி
கடல்பல கடந்தும் கைவிடாத் துணையே
அடியேன் ஐயம் அகற்றுவாய் போற்றி

இன்று மாசித் திங்கள், வளர்பிறைத் திரயோதசி. பூசமும் வியாழனும் கூடிய நன்னாள், மாலையில் பிரதோஷம். கோட்டையூரில் என் தமக்கை விசாலாட்சி ஆச்சி சிவபதம் எய்தி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. எங்கள் குடும்பங்களில் அக்காளை ஆச்சி என்றும், தாயை ஆத்தா என்றும், தகப்பனாரை அப்பச்சி என்றும் அழைப்பது வழக்கம். "நான் போன பொறகு எழுதிக்க, அதுவரைக்கும் வாயத் தொறக்காதே" என்று ஆச்சி எனக்கு இட்ட கட்டளை இன்று நிறைவேறுகிறது. ஜப்பான் தேசத்துக் கோபே நகரில், துறைமுகம் தெரியும் ஓர் அடுக்குமாடி வீட்டில் அமர்ந்து, ஊரிலுள்ள உங்களுக்காக இதனை எழுதுகிறேன்.

1

நான் இந்நகருக்கு வந்தது முத்துத் தொழிலுக்காக. முத்தைக் கோப்பதோ விற்பதோ என் வேலை அன்று. தரம் பிரிப்பதே என் வேலை. வடக்குப் பார்த்த சன்னலின் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் முத்தை உருட்டி, எங்கே சொட்டை, எங்கே மங்கல், எது சாயம் ஏற்றியது என்று தேடவேண்டும். ஆயுள் முழுவதும் குற்றம் தேடியே சம்பளம் வாங்கியவனுக்கு, வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் கண் மாறிவிடுமா? என் மனைவி இருந்தவரை சொல்லுவாள், "உங்களுக்கு எதையும் ஒருதரம் உருட்டிப் பாக்காம நம்ப முடியாது" என்று. உண்மைதான்.

பணி ஓய்வுக்குப் பின் என் நாள் இப்படிக் கழிகிறது. விடியலில் நீராடி, திருநீறு அணிந்து, பதிகம் ஓதுகிறேன். ஓதுவதும் மெல்லத்தான், சுவர் காகிதம் போன்றது, அண்டை வீட்டார் முகம் சுளிக்கலாம். கற்பூரம் ஏற்றுவதில்லை. ஒருமுறை ஏற்றியபோது கூரையிலுள்ள புகையறியும் கருவி அலறி, கட்டடக் காவலர் ஓடிவந்து, என் சந்நிதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ கொளுத்த முயன்றவனிடம் பேசுவதுபோல் மிகுந்த மரியாதையுடன் பேசினார். அன்றிலிருந்து மின்விளக்குத் தீபந்தான். இறைவன் ஏற்றுக்கொள்கிறான் என்று நினைக்கிறேன். அதிலும் எனக்குச் சிறிது ஐயம் உண்டு.

இங்கே அலுவலகங்களில் என் பெயருக்கு முன்னுள்ள தகப்பனார் பெயரே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. குடியிருப்பு அட்டை புதுப்பிக்கும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும், நம் 'ஐயா' போன்ற மரியாதைச் சொல்லையும் சேர்த்து, "முத்தையா சான்!" என்று உரக்கக் கூப்பிடுவார்கள். என்றோ மறைந்த அப்பச்சியை இந்த ஊர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அவருக்காக நான் எழுந்து நிற்கிறேன். நாற்காலிகளுக்கு நடுவே நடக்கும்போதெல்லாம், அவரிடம் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வரும்.

அந்தக் கேள்வி எங்கள் கோட்டையூர் வீட்டிலுள்ள ஒரு கதவைப் பற்றியது.

2

மூன்று ஆண்டுகளுக்கு முன், இங்குள்ள நூலகத்தில் ஒரு விழா நடந்தது. மறைந்த ஜப்பானிய எழுத்தாளர் ஒருவர் பிறந்து நூறு ஆண்டு நிறைவு. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கும் மானம் இருக்கிறது. என் மகள் மீனாள் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். "அப்பச்சி, நீங்க கட்டாயம் வரணும்" என்றாள். என் மகள் என்னை எங்கும் கட்டாயப்படுத்துகிறவள் அல்லள். அப்போதே எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது.

சயோ என்ற பெண்மணி மேடையில் வாசித்தார். நாற்பது வயதிருக்கும், மென்மையான குரல். அந்த எழுத்தாளரின் அந்தரங்க வாழ்வைக் கற்பனையால் நிரப்பி அவர் எழுதிக்கொண்டிருந்த நாவலின் ஒரு பகுதி அது. தென்னிந்தியாவில் ஒரு வணிகரின் பெரிய வீடு. வீட்டின் இரண்டாம் கட்டில் விருந்தாளியின் அறை. அந்த அறைக்கு உட்புறமாக ஒரு கதவு. வெள்ளிக்கிழமைதோறும் அக்கதவுக்கு அப்பால் விளக்கெரிய, வாழையிலையில் உணவு காத்திருக்கிறது. பரிமாறியவள் முகம் காட்டுவதில்லை. கடல் கடந்துபோன கணவனுக்காகக் காத்திருக்கும் இளம்பெண் அவள். ஒருநாள் கதவிடுக்கில் இரு கைகள் தொட்டுக்கொள்கின்றன.

அவையோர் பெருமூச்சு விட்டனர். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஏனெனில் அந்தக் கதவை நான் அறிவேன். வீடு எங்களுடையது. அந்த எழுத்தாளர் ஒரு தை முதல் சித்திரை வரை எங்கள் வீட்டில் தங்கியிருந்தவர். அந்நாளில் பினாங்கிலிருந்த கணவருக்காகக் காத்துக்கொண்டு, பிறந்த வீட்டில் இருந்த இளம்பெண், என் விசாலாட்சி ஆச்சி.

வெளியே வந்ததும் மீனாளைக் கேட்டேன்.

"இந்தம்மாவுக்கு நம்ம வீட்டை யாரு காட்டிக் கொடுத்தது?"

"யாரும் காட்டிக் கொடுக்கலை அப்பச்சி. அந்த எழுத்தாளரே எழுதின கட்டுரை ஒன்னு இருக்கு; பள்ளிக்கூடத்துப் புத்தகத்துல கூட வந்திருக்கு. அதுல கதவு வருது, இலை வருது. ஊர்ப் பேரைப் பாத்துட்டு நான்தான் சொன்னேன், அது எங்க வீடுன்னு."

"அப்ப நீதான்."

"சரி, நான்தான்" என்று சொல்லி, குளிருக்குக் கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே நடந்தாள். கோபித்தாளா, சிரித்தாளா என்று தெரியவில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகளின் முதுகைப் படிக்க நமக்குப் பயிற்சி இல்லை.

3

அந்த எழுத்தாளர் வந்தபோது நான் ஊரில் இல்லை. சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். நம் பெரிய வீடுகளைப் பார்த்து எழுத வேண்டுமென்று மதுரைப் பேராசிரியர் ஒருவரின் சொல்லோடு அவர் வந்தாராம். அப்பச்சி மறுக்கத் தெரியாதவர். இரண்டாம் கட்டில் அறை கொடுத்தார். சமையற்காரர் அவர் அறைக்கே சாப்பாடு கொண்டுபோனார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் என் தங்கை அலமேலு காய்ச்சலில் போனாள். மணமாகாத பெண். எங்கள் வழக்கப்படி, இளமையில் மறைந்த பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தனியறையில் விளக்கேற்றி, புதுச்சேலையும் பூவும் வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் இட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் வெளியே காத்திருப்போம். இதற்குப் படைப்பு என்று பெயர். பின் கதவைத் திறந்து, அந்த உணவைப் பிரசாதமாக எல்லோரும் பகிர்ந்து உண்போம். இலை வைத்தபடியே இருக்கும். அப்படித்தானே இருக்கும்!

ஆனால் அந்தத் தை மாதத்து முதற் படைப்பில், கதவைத் திறந்தபோது இலை காலியாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. கிண்ணங்கள் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாய் அடுக்கப்பட்டிருந்தன. அலமேலு உண்டு எழுமுன் அப்படித்தான் அடுக்குவாள். "எம்மக வந்துட்டா!" என்று ஆத்தா கதறியதாகவும், மகள் போனபின் வெறும் கஞ்சித் தண்ணீரில் உயிர் வைத்திருந்தவர் அன்றுதான் சோறு உண்டதாகவும் எனக்குக் கடிதம் வந்தது. அதன்பின் ஆத்தா வெள்ளிக்கிழமைதோறும் படைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் இலை காலியாயிற்று. ஆத்தா உடம்பு தேறினார். பங்காளி வீடுகளிலிருந்தெல்லாம் வந்து அந்த அறை வாசலில் விழுந்து கும்பிட்டுப் போனார்கள்.

நான் கோடை விடுமுறைக்கு வந்தபோது விருந்தாளி போய்விட்டிருந்தார். வெள்ளிக்கிழமைப் படைப்பும் நின்றுபோயிருந்தது. படைப்பறைக்கும் விருந்தாளி அறைக்கும் நடுவேயுள்ள சிறு கதவில், மேலும் கீழும் கனத்த ஆணிகள் அறைந்திருந்தன. பர்மாத் தேக்கில் கடைந்த கதவு. அதில் ஆணி அடிக்க யாருக்கும் மனம் வராது.

"யாரு அடிச்சது?" என்று ஆசாரியைக் கேட்டேன்.

"ஐயா தன் கையால அடிச்சாக. என்னையக் கிட்டக்க விடலை" என்றார்.

அப்பச்சி சுத்தியல் பிடித்து எவரும் பார்த்ததில்லை. நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் ஏதேனும் ஒரு விடை வருமே என்ற அச்சம்.

4

விழா முடிந்து சில நாளில் சயோ எங்கள் வீட்டுக்கு வந்தார். காலணியைக் கழற்றித் திருப்பி வைத்த ஒழுங்கைக்கூட நான் ஐயத்தோடுதான் பார்த்தேன். கை நிறையப் பழம் கொண்டுவந்திருந்தார். பழம் கொடுத்துவிட்டு இந்தம்மாள் எதை வாங்கிப் போக வந்திருக்கிறார்?

அவர் கேட்டது இது. நாவல் முடியுந் தறுவாயில் இருக்கிறது. பதிப்பாளரிடம் கொடுக்குமுன் வீட்டைப் பார்க்க வேண்டும். இயலுமானால் என் தமக்கையைச் சந்திக்க வேண்டும்.

"சந்தித்து?"

"அந்தப் பெண் யார் என்று தெரிந்துகொள்ள."

"தெரிந்துகொண்டு?"

"தெரியாமல் எழுதுவது எளிது. தெரிந்தபின் எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும்" என்றார்.

இது எழுத்தாளர் பேச்சு. இரண்டு பக்கமும் பளபளக்கும். இரண்டு பக்கமும் ஒரேபோல் பளபளக்கும் முத்து பெரும்பாலும் சாயம் ஏற்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அந்த மாதம் முழுவதும் என் மனம் அலைந்தது. ஆச்சி எண்பதைக் கடந்தவர். அயித்தான் பினாங்கிலிருந்து திரும்பி, நெடுங்காலம் அவரோடு வாழ்ந்து, மறைந்துவிட்டார். பேரன் பேத்தி எடுத்து, ஊரில் ஒரு மங்கல காரியமென்றால் முதல் அழைப்பு அவருக்கே வரும் நிலையில் இருப்பவர். அவர் பெயரில் இந்த வயதில் ஒரு கறை விழுமானால், கற்பனை என்று எழுதியிருந்தாலும் கறை கறைதான். நாவலில் பெயரை மாற்றலாம். கோட்டையூரில் ஜப்பானியர் தங்கிய வீடு ஒன்றுதானே உண்டு?

இன்னும் ஓர் அச்சம் இருந்தது. கற்பனை என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டதற்குக் கீழே, ஆணிகளின் தலைகள் இரண்டும் மின்னிக்கொண்டிருந்தன. இலையில் உண்டவர் விருந்தாளி என்பது அவர் கட்டுரையிலேயே தெளிவாயிற்று. படைப்பறைப் பக்கம் தாழ் உள்ள கதவு அது. வெள்ளிதோறும் தாழைத் திறந்தது யார்? அப்பச்சி எதைக் கண்டு ஆணி அடித்தார்?

மீனாள் வேறு, நான் கூடத்துக்குள் வந்தால் தொலைபேசியில் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். அவளும் சயோவும் எனக்குத் தெரியாமல் ஏதோ முடிவு செய்கிறார்கள் என்று எண்ணினேன். ஊருக்குப் போய் இந்நாட்டுக்குத் திரும்புவதற்கான மறுபிரவேச அனுமதிக்கு அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது, "பயணத்தின் நோக்கம்?" என்று அதிகாரி கேட்டார். குடும்ப வழிபாடு என்றேன். பொய்யன்று, முழு உண்மையுமன்று.

தை மாதத்துப் படைப்புக்கு மூவரும் புறப்பட்டோம். அந்தம்மாளை அழைத்துப்போவதே நல்லது என்று முடிவு செய்தேன். என் கண்ணுக்கு முன்னால் இருந்தால் கண்காணிக்கலாமே.

5

ஆச்சி வாசலிலேயே நின்றிருந்தார்.

"வா சொக்கு. என்னடா இப்படி எளைச்சுட்டே, அங்குட்டு சோறு போடுறதில்லையாக்கும்? மீனா, வாத்தா. இவுகதான் கதை எழுதுறவுகளா? வாங்க, வாங்க. பயணம் எல்லாம் சொகமா வந்தீகளா?"

சயோ இடுப்பு வளைத்து வணங்கினார். ஆச்சியும் அதேபோல் வளைந்து வணங்கிவிட்டு, "இந்த வயசுக்கு இதுக்கு மேல வளையாது, போதும்னு சொல்லு" என்றார். மீனாள் மொழிபெயர்க்க, இரு பெண்களும் சிரித்தார்கள். வந்த நிமிடத்தில் இப்படி ஒட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில், மீனாளும் சயோவும் நாட்டரசன்கோட்டைக் கோயிலுக்குப் போயிருந்த நேரம். ஆச்சி படைப்புச் சாமான்களை உள்முற்றத்து வளவில் பரப்பி, புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். நான் எதிரே அமர்ந்தேன். கோபேயில் பனி பெய்ததைச் சொன்னேன். கோயில் திருப்பணியைக் கேட்டேன். இந்தக் கதவெல்லாம் நன்றாக இருக்கிறதே என்றேன்.

"கேக்க வந்ததைக் கேளு. கதவச் சுத்திச் சுத்தி வராதே."

"அந்தக் கதவுல அப்பச்சி ஏன் ஆணி அடிச்சாக?"

"அது கேள்வியில்லை. அதுக்கும் உள்ள ஒன்னு வச்சிருக்கே, அதைக் கேளு."

"அந்தச் சப்பான்காரரோட… நீக பேசிப் பழகியிருக்கீகளா ஆச்சி?"

ஆச்சி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். சினம் வரும் என்று தலை குனிந்திருந்தேன். அவரோ நெடுமூச்சு விட்டு, "அப்பாடா, ஒருத்தன் கேட்டுட்டான்" என்றார்.

"அப்பச்சி கேக்கலை. கேக்காமலே ஆணியை அடிச்சாக. உன் அயித்தான் பினாங்கிலருந்து வந்தாக. அந்த ஆணியைத் தடவித் தடவிப் பாத்தாக. அவுகளும் கேக்கலை. என்னையத் தங்கமாத்தான் வச்சிருந்தாக, இல்லைங்கலை. ஆனா வெள்ளிக்கிழமை வந்தா அவுக முகத்துல ஒரு நெழல் விழும். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்காதவுகளுக்கு எப்படிடா சொல்றது? நான் அப்படியில்லைன்னு நானாப் போயிச் சொன்னா, அது என்ன மாதிரி இருக்கும்?"

பிறகு அவர் சொன்னது இது.

முதற் படைப்பன்று வீடே விரதம். அந்தப் பரபரப்பில் விருந்தாளிக்குச் சாப்பாடு கொடுப்பதைச் சமையற்காரர் மறந்துவிட்டார். நடுக்கதவின் தாழும் தற்செயலாகத் திறந்திருந்தது. விளக்குத் திரியைத் தூண்டிவிட ஆச்சி திரும்பி வந்தபோது, படைப்பறைக் கதவிடுக்கில் பார்க்கிறார்: இலைக்கு முன் அந்த மனிதர் மண்டியிட்டு, கண்மூடி, கைகூப்பிக்கொண்டிருக்கிறார். பின் உண்ணத் தொடங்குகிறார். அன்னிய ஆடவன்முன் வரக் கூசும் வீட்டுப் பெண்கள், இப்படிக் கதவுக்கு அப்பால் பரிமாறுவதே இவ்வூர் வழக்கம் என்று அவர் எண்ணிவிட்டார் போலும்.

"கத்தியிருப்பேன். ஆனா பசிச்ச மனுசன், சாமி கும்பிட்டுட்டுச் சாப்பிடுறான். எப்படிக் கத்துறது? திரும்பி வந்துட்டேன். அப்பறம் ஆத்தா கதவைத் தொறந்து, காலி எலையைப் பாத்து, அழுது, என் கையப் புடிச்சுக்கிட்டு, 'எனக்கும் ஒரு வாய் போடு விசாலம்'னுச்சு. எத்தனை மாசத்துக்கு அப்பறம் சோறு கேட்டுச்சு தெரியுமா? அப்ப நான் வாயத் தொறக்கவா? நீயா இருந்தாத் தொறப்பியா?"

அதன்பின் வெள்ளிதோறும் இலையை வைத்துவிட்டு வரும்போது, ஆத்தாவுக்குத் தெரியாமல் தாழை நீக்கிவிட்டு வந்தவர் ஆச்சிதான். விருந்தாளியோ வெள்ளிக்கிழமை மதியம் தமக்குச் சாப்பாடு வேண்டாமென்று சமையற்காரரிடம் சொல்லிவிட்டார். ஒரு சொல் பேசாமல் இரண்டுபேர் ஒரு தாயின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆச்சி தாழ் நீக்குவதை ஒருநாள் அப்பச்சி கண்டுவிட்டார்.

"கடைசி வெள்ளிக்கிழமை பாத்தா, கிண்ணமெல்லாம் கவுத்து வச்சிருந்துச்சு. ஆத்தா பாத்துட்டு, 'போதும்னு சொல்லிட்டா, எம்மக நெறைஞ்சு போயிட்டா'ன்னுச்சு. அழுகலை. அடுத்த வாரம் அவுக ஊருக்குப் போயிட்டாக. அப்பச்சி சுத்தியலை எடுத்தாக."

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டது. ஆனால் பழகிய கண் சும்மா இருக்குமா?

"அப்ப எல்லாம் அவர் செஞ்சதுதான். ஆத்தா நம்புனது…"

"நில்லு. சாப்பிட்டது அவுக. என் கண்ணால பாத்தேன். ஆனா கிண்ணத்தை அடுக்குனது அலமு."

"எப்படிச் சொல்றீக?"

"எந்த ஆம்பளைடா தின்ன கிண்ணத்தை அடுக்கி வைப்பான்? அப்பச்சி வச்சிருக்காகளா? உன் அயித்தான் வச்சிருக்காகளா? நீ வச்சிருக்கியா? இந்த ஊரு ஒலகத்துல ஒருத்தனைக் காட்டு. ஆத்தாகிட்ட நான் பொய்யா இருந்தேன்னு பலநாள் உறுத்தும். அப்ப அந்தக் கிண்ணத்தைத்தான் நெனைச்சுக்குவேன். அலமு வந்திருக்கா. அந்த மனுசன் கையில வந்திருக்கா. அதுனால நான் ஆத்தாவை ஏமாத்தலை."

கோபேயில், எங்கள் கிடங்குக்குப் பக்கத்திலுள்ள சிற்றுண்டிக் கடையில், உடன் வேலை செய்தவர் பலர் உண்டு முடித்ததும் கிண்ணங்களை ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டே எழுவதை நாள்தோறும் பார்த்தவன் நான். எடுப்பவருக்கு உதவியாகட்டும் என்று செய்வது. அந்த எழுத்தாளர் தம் கட்டுரையில் இதை எழுதவுமில்லை. அவர்களுக்கு அது எழுதத்தக்க செய்தியே அன்று.

6

வெள்ளிக்கிழமை படைப்பு. அலமேலுவுக்குப் பிடித்த இனிப்புகளான கவுனி அரிசியும் கும்மாயமும் இலையில் இட்டோம். புதுச்சேலை வைத்தோம். கதவைச் சாத்தி, நான் வெளியே நின்று பதிகம் ஓதினேன். கதவைத் திறந்தபோது, இலை வைத்தபடியே இருந்தது. பல்லாண்டாக அப்படித்தான்.

அதற்குமுன் வளவில், ஆச்சி சயோவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மீனாள் மொழிபெயர்த்தாள். என் மகளின் தமிழ் எங்கெங்கோ தட்டுத் தடுமாறி நின்றது. ஆனால் 'ஒருத்தன் கேட்டுட்டான்' என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. சயோ சொன்னார்: "உங்கள் சம்மதமில்லாமல் ஒரு வரியும் அச்சேறக்கூடாது என்று மீனாள் தொடக்கத்திலேயே என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். வேண்டாம் என்றால் நாவலைக் கைவிடுகிறேன்."

தொலைபேசியில் சுருங்கிய பேச்சு இதுவா! மகளைப் பார்த்தேன். அவள் தரையில் பதித்த பூக்கல்லின் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதட்டும்" என்றார் ஆச்சி. "நல்லா எழுதட்டும். ஆனா கையைத் தொட்டாகன்னு எழுத வேணாம். அவுக முகத்தை நான் பாத்தேன். என் முகத்தை அவுக பாக்கலை. அந்தப் பொண்ணு கதவுக்கு இந்தப் பக்கமே நிக்கட்டும்."

"அவ்வளவு போதுமா?" என்று சயோ கேட்டார்.

"அதுக்கு மேல என்ன இருக்கு?" என்றார் ஆச்சி. அவர் அதைச் சொன்ன தொனியை நான் இன்றுவரை உருட்டிப் பார்க்கிறேன். எந்தப் பக்கத்திலும் சொட்டை தெரியவில்லை.

இலை காத்திருந்தது. "இவுகளை உக்காரச் சொல்லு. அன்னைக்கு ஒருத்தரு கேக்காமச் சாப்பிட்டாக. இன்னைக்கு நாமளே கூப்புட்டு வைப்போம்" என்றார் ஆச்சி.

சயோ இலைக்கு முன் மண்டியிட்டார். கைகூப்பினார். கையால் உண்ணப் பழகாதவர். இருந்தும் ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. உண்டபின் மீண்டும் கைகூப்பி, தம்மையறியாமல், கிண்ணங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தினார்.

ஆச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சொக்கு… உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் அடுக்குவாகளா?"

அந்த ஒரு கேள்வியில், அறுபதாண்டுக் காலம் அவர் தாங்கிவந்தது முழுவதும் நின்றது. நான் பழுதுள்ள எதையும் நல்லதென்று என் கையால் தேர்ந்து அனுப்பியவன் அல்லன். எத்தனையோ முதலாளிகள் கெஞ்சியும் அனுப்பியதில்லை. மீனாளுக்கும் விடை தெரியும். அவள் கோபேயிலே பிறந்தவள். அவள் கண் என்மேல் இருந்தது.

"இல்லை ஆச்சி" என்றேன். "நான் அங்குட்டு ஒருத்தரும் இப்படிச் செஞ்சு பாத்ததில்லை."

ஆச்சி மீனாளைப் பார்த்தார். "உண்மைதானா ஆத்தா?"

"ஆமா அயித்தை" என்றாள் என் மகள். தட்டாமல், தடுமாறாமல். "இதுதான் மொதத் தடவை."

ஆச்சி உள்ளே போய், கிண்ணங்களின் எதிரே அமர்ந்து, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டார். பிறகு படைத்த சேலையை எடுத்து மீனாளின் தோளில் போட்டார். அது அந்த ஆண்டு அந்த வீட்டுப் பெண்ணுக்கு உரியது.

7

புறப்படும் நாளில், ஆச்சி என்னை நடுக்கதவுப் பக்கம் அழைத்துப்போனார். ஆணிகளைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன்.

"கெடக்கட்டும். அப்பச்சி கையால அடிச்சது. அவுக கேக்காம விட்ட கேள்வி அது, அங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகு என் கன்னத்தில் லேசாகத் தட்டினார். "ஆத்தாவுக்கு நான் தாழைத் தொறந்து விட்டேன். நீ நல்லாருப்பே."

அதன் பொருளென்ன? என்னை வாழ்த்தினாரா? அல்லது, நீ எனக்குத் தாழைத் திறந்துவிட்டதை நான் அறிவேன் என்றாரா? வானூர்தியில் மீனாளைக் கேட்டேன். அந்தச் சேலையை மடியில் வைத்திருந்தவள், "அயித்தை நம்பலைன்னு நீங்க நினைக்கிறீங்களா அப்பச்சி?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அதற்கு அடுத்த ஆண்டு மாசியில் ஆச்சி போய்ச் சேர்ந்தார். சென்ற இலையுதிர் காலத்தில் நாவல் வெளிவந்தது. மீனாள் அதைத் தமிழில் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அதற்காகவே மாலைதோறும் வீட்டில் தங்கினாள். அந்தப் பெண் கடைசிவரை கதவுக்கு இந்தப் பக்கமே நிற்கிறாள். ஒவ்வொரு வரியிலும் குற்றம் தேடினேன். கிடைக்கவில்லை என்று எழுத என் கை கூசுகிறது, ஆனாலும் கிடைக்கவில்லை.

இன்று காலையில் ஆச்சிக்காக ஒரு சிறு இலை வைத்தேன். மின்விளக்குத் தீபந்தான். மீனாளும் நானும் உண்டோம். எழுமுன் என் கிண்ணங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி வைத்தேன். இந்த வீட்டில் ஓர் ஆண்மகன் அதைச் செய்வது இதுவே முதல் தடவை. இதில் பொய் இல்லை, ஆச்சி.

இதனைப் படிப்போரும், படிக்கக் கேட்போரும், எம்பெருமான் திருவருளால் நிறைந்த இலையும் பசித்துவரும் விருந்தும் பெற்று, ஐயம் வந்தால் வாய்விட்டுக் கேட்கும் துணிவும், கேட்டால் அன்போடு விடைசொல்லும் உறவும் உடையவராய் நீடு வாழ்க.